மை போட்ட படம்

என் கணவர் வரைந்த பெண்கள் எல்லோருக்கும் ஒரே முகம். இளவரசி, நர்ஸ், உளவுக்காரி, வில்லனின் தங்கை, யாராக இருந்தாலும் அதே வளைந்த புருவம், அதே சின்ன வாய், வழுவழுவென்று அதே கன்னம். முடியை மாற்றுவார், உடையை மாற்றுவார், ஆளை மட்டும் மாற்ற மாட்டார். காமிக்ஸ் படிக்கிறவர்கள் அந்த முகத்துக்காக உயிரை விட்டார்கள். "இது யாரு சார், வீட்ல அம்மாவா?" என்று கேட்டுக்கொண்டு சிலர் வீட்டுக்கே வந்துவிடுவார்கள். கதவைத் திறப்பது நான். என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். பிறகு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள், உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று.

முகம் கழுவும்போது கண்ணாடி பார்க்கிறவள்தான் நான். தாடையில் ஒரு தழும்பு, சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டது. முன்பல் ஒன்று கோணல், பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கும். முடிக்குச் சாயம் பூசுவதை எப்போதோ விட்டுவிட்டேன். இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்னை யாரும் இளவரசி ஆக்க வேண்டாம். ஆனால் ஆயிரம் பேரை வரைகிற கை வீட்டில் இருப்பவளை ஒரு தடவையாவது வரைய வேண்டாமா? அந்த ஆசை எனக்குக் கடைசிவரை இருந்தது. அதை மறைக்க எனக்கு வெட்கமில்லை.

எங்கள் வீட்டு முன்னறைதான் தொழிற்சாலை. ஜன்னலோரம் அவருடைய சாய்வுப் பலகை. சுவரோரம் மைக்காரரின் மேஜை. அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில் என்னுடையது. அவர் தடித்த தாளில் பென்சிலால் வரைவார். கறுப்பாக நிரப்ப வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவார். அந்தப் பென்சில் கோடுகளின் மேல் மைக்காரர் பேனாவாலும் பிரஷ்ஷாலும் மை போடுவார். மை காய்ந்ததும் ரப்பரை எடுத்துப் பென்சிலை ஒன்று விடாமல் அழிப்பார். கடைசியில் தாள் என்னிடம் வரும். ஆட்களின் தலைக்கு மேல் காலியாக விட்டிருக்கும் பலூன்களுக்குள் வசனம் எழுதுவது என் வேலை. ஒருவர் போட்டதை இன்னொருவர் அழித்தால்தான் பக்கம் முடியும் என்பது எங்கள் தொழிலின் முறை. புதிதாக வந்தபோது எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. "பாவம், ராத்திரி பூரா கண்ணு முழிச்சுப் போட்டது" என்பேன். "அதுக்கென்ன, மையில இருக்கில்ல?" என்று சிரிப்பார் அவர்.

என்னை ஏன் வரையவில்லை என்று நான் கெஞ்சிக் கேட்டதில்லை. சண்டை போட்டுத்தான் கேட்டிருக்கிறேன்.

"ஊர்ல இல்லாத ராணிக்கெல்லாம் கை ஓடுது. இருக்கிறவளுக்கு ஓட மாட்டேங்குதா?"

"உன் வாய் ஒரு நிமிஷம் சும்மா இருந்தாத்தானே வரையறதுக்கு."

ஒருநாள் சபதம் போட்டுக்கொண்டு வாயை இறுக மூடி அவர் எதிரில் உட்கார்ந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதற்கும் வாயைத் திறக்கவில்லை. அவர் பென்சிலைச் சீவினார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீவினார். வெகுநேரம் கழித்து ஏதோ கிறுக்கினார். எட்டிப் பார்த்தால் ஒரு குதிரை. "நீ உன்னை மாதிரியே இல்லையே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு நான் திட்டிய திட்டில் மைக்காரர் தன் மேஜையை விட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மைக்காரர் என்று சொல்கிறேனே தவிர, எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அண்ணி. வாலிபத்தில் வந்து அந்த மேஜையில் உட்கார்ந்தவர், அங்கேயே தலை நரைத்தவர். பேச்சு குறைவு. ஆனால் என் கணவருக்குக் கை நடுக்கம் ஆரம்பித்தபோது அவரைக் காப்பாற்றியது மருந்து இல்லை, இந்த மனுஷன்தான். பென்சில் கோடு நெளிந்து நெளிந்து வரும். மைக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை நிமிர்த்தி மை போடுவார். ஒடிந்த கோட்டைச் சேர்ப்பார், வழுக்கின கண்ணை இடத்தில் வைப்பார். அச்சில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "உங்க கணவருக்கு வயசே ஆகலைம்மா" என்று பதிப்பகத்தார் என்னிடமே சொன்னார்கள். நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து டீ கொடுத்தேன்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பல் டாக்டர். மனுஷனுக்குக் காமிக்ஸின் அசல் பக்கங்களைச் சேர்ப்பதுதான் மூச்சு. அச்சான புத்தகம் எல்லோரிடமும் இருக்கும், கை பட்ட தாள் ஒன்றுதானே இருக்கும் என்பார். கிளினிக்கை மூடிவிட்டு ஒரு பெரிய தட்டைப் பையோடு வருவார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொள்வார். எங்கள் வீட்டில் டீக் கறையும் கைரேகையுமாகக் கிடந்த பக்கத்தைப் பச்சைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்தி, கண்ணாடி உறைக்குள் செருகுவார். வெயில் படக்கூடாது, ஈரம் படக்கூடாது, மூச்சுகூடப் படக்கூடாது. "அந்தத் தாளுக்கு நடக்கிற உபசாரம் எனக்கு நடந்திருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்" என்று சொல்வேன். அவர் சிரித்துவிட்டு என் வாயையே பார்ப்பார். "அக்கா, அந்தப் பல்லை நிமிர்த்திடலாம்க்கா. வலிக்கவே வலிக்காது." என் கணவர் பலகையிலிருந்து தலையைத் திருப்பாமலே சொல்வார்: "அது பாட்டுக்கு இருக்கட்டும் டாக்டர். அதுல கை வைக்காதீங்க."

இப்படிச் சேர்க்கிறவர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. தங்களுக்கென்று மட்டும் ஒரு தனிப்படம் வரைந்து கேட்பார்கள். கதையில் வராத படம், அச்சுக்குப் போகாத படம். நாயகன் சிங்கத்தோடு கட்டிப்புரளட்டும், உளவுக்காரி மழையில் நிற்கட்டும் என்று ஆளுக்கொரு ஆசை. பல் டாக்டர் கேட்டது வேறு. "உங்களுக்கு யாரைப் போடணும்னு தோணுதோ அவங்களைப் போடுங்க சார். எனக்காகன்னு நினைக்காதீங்க." என் கணவர் தலையாட்டினார். வருஷங்கள் ஓடின. டாக்டர் வரும்போதெல்லாம் நினைவுபடுத்துவார், இவரும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவார்.

கடைசி மாதங்களில் பதிப்பக வேலை நின்றுவிட்டது. நடுக்கம் அந்த அளவுக்கு ஏறிவிட்டது. ஆனாலும் பலகையில் ஏதோ ஒரு தாள் இருந்தது. மாத்திரையும் தண்ணீருமாக நான் அறைக்குள் நுழைந்தால் சட்டென்று அதைக் கவிழ்த்துவிடுவார். "என்னமோ கள்ள நோட்டு அடிக்கிற மாதிரி" என்று திட்டுவேன். மாத்திரையை மறந்ததற்குத் திட்டுவேன், போர்வையை உதறியதற்குத் திட்டுவேன், சாப்பாட்டைத் தட்டில் அளைந்ததற்குத் திட்டுவேன். அவர் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். காது மந்தமாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

ஒரு மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு வீடு எப்படி இருந்தது என்று கேட்டால், சத்தமில்லாமல் இருந்தது, அவ்வளவுதான். திட்ட ஆள் இல்லை. யாராவது வந்தால் சரி என்பேன், இல்லை என்பேன். பால்காரர் பாலைத் தண்ணீராக்கிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரி என் வாசலில் குப்பையைத் தள்ளினாள், கூட்டிப் போட்டேன். "உடம்பு சரியில்லையா?" என்று அவளே பயந்துபோய்க் கேட்டாள். வாய் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

அப்போதுதான் பல் டாக்டரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, சார் என்கிட்ட ஒரு படம் குடுத்திருக்கார். அந்தத் தனிப்படம். ஆனா எனக்கில்லையாம். தன் காலத்துக்கு அப்புறம் உங்ககிட்ட குடுக்கச் சொன்னார். இருக்கும்போது காட்டினா அவ கிண்டல் பண்ணியே கொன்னுடுவான்னார்."

"என்ன படம்?"

"நீங்கதான்க்கா."

போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒழுங்கா தயார் பண்ணிக் கொண்டுவரேன். கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார். கண்ணாடிச் சட்டம் போடப்போகிறார் என்று நினைத்தேன். முன்னறையில் அவர் பலகைக்கு நேர் எதிர்ச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த காலண்டரைக் கழற்றினேன். ஆணியை ஆட்டிப் பார்த்தேன், உறுதியாக இருந்தது. அந்த நாட்களில் காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. எப்படிப் போட்டிருப்பார்? வாலிபத்து முகமா, இப்போதைய முகமா? மூக்குக் கண்ணாடி போட்டா, கழற்றியா? அந்த வயதில் கல்யாணப் பெண் மாதிரி யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். டாக்டர் கையில் துணி சுற்றிய சட்டம். மைக்காரர் பின்னால், புதுச்சட்டை போட்டுக்கொண்டு. அவர் புதுச்சட்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. சட்டத்தை என் கணவரின் பலகை மேல் வைத்தார்கள். நான் துணியை விலக்கினேன்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த இளவரசி இருந்தாள். அதே வளைந்த புருவம், அதே சின்ன வாய், அதே வழுவழுக் கன்னம். மினுமினுக்கும் கறுப்பு முடி. மூக்கில் மட்டும் என்னுடைய மூக்குக் கண்ணாடி. யாரோ என் கண்ணாடியைத் திருடி மாட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. படம் அழகு, அதில் சந்தேகமில்லை. கோடு ஒவ்வொன்றும் கத்தியால் சீவினது போல இருந்தது.

அங்கேதான் எனக்கு இடித்தது. அவர் கையை எனக்குத் தெரியும். கடைசியில் டம்ளரைப் பிடிக்க முடியாத கை அது.

"இந்தக் கோடு யாரோடது?"

"நான்தான் அண்ணி மை போட்டேன்" என்றார் மைக்காரர். அந்தக் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "இவ்வளவு நிதானமா நான் எதுக்குமே போட்டதில்ல."

டாக்டர் அவசரமாகச் சொன்னார். "பென்சில் ரொம்ப லேசா இருந்துச்சுக்கா. கையில அழுத்தமே இல்லையே சாருக்கு. தொட்டாலே தூள் உதிர்ற மாதிரி. உறையில போட்டா உறையில ஒட்டிக்குது, வெளியில வச்சா மங்குது. இன்னும் ரெண்டு வருஷம் போனா வெறும் தாள்தான் இருக்கும்னு பயந்துட்டேன். நிலைச்சு நிக்கணுமேன்னுதான் இவர்கிட்ட கொண்டுபோனேன்."

"அப்போ பென்சில்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மை காஞ்சதும் அழிச்சுட்டேன் அண்ணி. எப்பவும் அப்படித்தானே" என்றார் மைக்காரர்.

"போட்டோ எதாச்சும் எடுத்தீங்களா?"

டாக்டர் தன் போனைத் தேடி எடுத்துக் காட்டினார். வெள்ளையாக ஒரு தாள். பெரிதாக்கிப் பார்த்தால் பெரிதாக ஒரு வெள்ளைத் தாள்.

சட்டத்தின் பின்பக்க அட்டையைப் பிரித்துத் தாளை வெளியே எடுத்தேன். டாக்டர் கையுறையை நீட்டினார், நான் பார்த்த பார்வையில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டார். என் கணவர் நல்ல நாளில் பென்சிலை அழுத்தும் அழுத்தில், பின்பக்கம் விரலால் தடவினாலே குதிரை எது, கோட்டை எது என்று சொல்லிவிடலாம். இந்தத் தாளைக் கவிழ்த்துத் தடவினேன். வழுவழுவென்று இருந்தது. மூலைக்கு மூலை தடவினேன். ஒரு சின்னப் பள்ளம்கூட இல்லை.

அவர் போன அன்றுகூட எனக்கு இப்படி இல்லை. அன்று அவர் மட்டும் போனார். இப்போது என்னையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார் போல இருந்தது. அவர் என்னைப் பார்த்துப் போட்ட ஒரே படம், நான் அதைப் பார்க்கும் முன்பே இல்லாமல் போயிற்று. இவர்களைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. ஒருவர் தாள் அழியக் கூடாதென்று செய்தார். இன்னொருவர் என் கணவர் மானம் போகக் கூடாதென்று இத்தனை வருஷம் செய்ததையே செய்தார். நான் பேசாமல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பேசாதது அவர்களுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். "அண்ணி, எதாவது சொல்லுங்க அண்ணி" என்றார் மைக்காரர்.

அப்போதுதான் கவனித்தேன். படம் தாளின் நடுவில் இல்லை, கீழே தள்ளி இருந்தது. தலைக்கு மேல் பாதித் தாள் சும்மா கிடந்தது. தாளின் அளவு தெரியாமல் வரைகிற ஆள் இல்லை அவர். அப்படி மேலே இடம் விட்டால் அது எதற்கென்று எனக்குத் தெரியும். ஆயுசு பூராவும் அந்த இடத்தில்தானே நான் எழுதினேன்.

"இங்க பலூன் இருந்துச்சா?"

மைக்காரர் கிட்டே வந்து தாளைப் பார்த்தார். "இருந்துச்சு அண்ணி. பெரிசா. உள்ள ஒண்ணும் எழுதல. தனிப்படத்துக்குப் பலூன் எதுக்கு, பழக்கதோஷத்துல போட்டுட்டாருன்னு நினைச்சு..."

"எடுத்துட்டே."

"எடுத்துட்டேன்."

"வேற என்னல்லாம் எடுத்தே? ஒண்ணு விடாம சொல்லு."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தாளின் மேல் படாமல் விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து ஆரம்பித்தார். அவர் அழித்ததை அவர் மறக்கவில்லை. "முடியில பெருக்கல் குறியே இல்ல அண்ணி. குறி போட மறந்துட்டாருன்னு நானே கறுப்படிச்சேன்." என் வெள்ளை முடிக்கு என் கை தானாகப் போயிற்று. "நெத்தியில நாலஞ்சு கோடு. ரெண்டு புருவத்துக்கு நடுவுல ரெண்டு, நல்லா நீளமா. கண்ணுக்குக் கீழ பை மாதிரி. கழுத்துல சுருக்கம். கை ஆடி வந்த கோடுன்னு நினைச்சேன். தாடையில குறுக்க ஒரு சின்னக் கோடு, அது பென்சில் வழுக்கினதுன்னு..." பேசிக்கொண்டே என் முகத்தை நிமிர்ந்து பார்த்தவர், தாடையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். எத்தனையோ வருஷம் ஒரே அறையில் இருந்தவர் அன்றைக்குத்தான் அந்தத் தழும்பைப் பார்க்கிறார்.

"வாய்?" என்றேன்.

மைக்காரர் விரலைத் தாளின் மேலிருந்து இழுத்துக்கொண்டார்.

"வாய் எப்படி இருந்துச்சு தம்பி?"

"திறந்து இருந்துச்சு அண்ணி. அகலமா. அந்த இடத்துல கோடு ரொம்ப ஆடியிருந்துச்சு. அசிங்கமா தெரியுமேன்னு..." புதுச்சட்டையின் நுனியைக் கசக்கினார். "நான் மூடிட்டேன்."

"பல்லும் இருந்துச்சுக்கா" என்றார் டாக்டர், தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்தக் கோணப் பல்லு. அது மட்டும் நல்லாத் தெளிவா போட்டிருந்தார்."

எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியாது. அவர் போன நாளிலிருந்து அடிவயிற்றில் கிடந்தது எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி வந்தது.

"யாரைக் கேட்டுடா மூடினே? சொல்லு, யாரைக் கேட்டு மூடினே? கட்டின நாள்லேருந்து அந்த மனுஷனாலயே மூட முடியாத வாயிடா இது! அவரே தோத்துப்போய், திறந்தே இருக்கட்டும்னு போட்டு வச்சிட்டுப் போயிருக்கார், நீ யாருடா மூடறதுக்கு? நிமிர்த்தறேன் நிமிர்த்தறேன்னு என்னையே நிமிர்த்தித் தள்ளிட்டியேடா! அந்த ராணி மூஞ்சியை ஊர் பூரா ஒட்டினது போதாதுன்னு எனக்கும் ஒட்டிட்டியா? அவர் கை ஆடினா ஆடிட்டுப் போகட்டும், என் மூஞ்சிதானே, நான் வச்சுக்கறேன், உனக்கென்ன? ஏன் டாக்டர், உங்களைத்தான் சொல்லணும்! ஊர்ல இருக்கிற பல்லெல்லாம் பத்தலையா? கை வைக்காதீங்க கை வைக்காதீங்கன்னு அந்த மனுஷன் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே, கடைசியில காகிதத்துல வந்து பிடுங்கிட்டீங்களே!"

கண்ணாடி நழுவியது, தள்ளிவிட்டுக்கொண்டு திட்டினேன். மூச்சு வாங்கியது, வாங்கிக்கொண்டு திட்டினேன். எதிர்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவளுக்கும் சேர்த்து இரண்டு வார்த்தை போட்டேன். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். மைக்காரர் மட்டும் குனியவில்லை. கண்ணில் நீர் வழிய வழிய என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரைக்குத் திட்டும்போதும் போர்வைக்குத் திட்டும்போதும் என் கணவர் பார்ப்பாரே, அதே பார்வை.

"என்னடா பாக்கறே? திட்டிக்கிட்டிருக்கேன், என்ன பாக்கறே?"

"இதுதான் அண்ணி" என்றார். "இப்படியேதான் போட்டிருந்தாரு."